கவுன்டர்ஃபேக்சுவல்: ‘எதிருண்மை’ வேண்டாம், ‘செய்யாநிலை’ என்று வைக்கலாம்

வணக்கம்.

‘கவுன்டர்ஃபேக்சுவல்’ (counterfactual) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நம் கலைச்சொல் பட்டியலில் ‘எதிருண்மை’ என்றே முடிவாகிவிடும் போலிருக்கிறது, அதனால் அவசரமாக எழுதுகிறேன். தருக்கத்துக்கும் மெய்யியலுக்கும் அது பொருந்தும். ஆனால் வளர்ச்சித் திட்டங்களை மதிப்பிடுகிறவர்களுக்கு வேண்டியது வேறு. ஓர் ஊரில் திட்டம் நடந்தது, நடக்காமலே இருந்திருந்தால் அதே ஊர் இன்று எப்படி இருந்திருக்கும்? இதைத்தான் ஒரு சொல்லில் அடக்க வேண்டும். எதிருண்மை என்று படிக்கும் களப்பணியாளர் ‘உண்மைக்கு எதிரானது, அப்படியென்றால் பொய்’ என்றுதான் எடுத்துக்கொள்வார்.

கென்யாவின் சவுரியைப் பாருங்கள். பொருளியலாளர் ஜெஃப்ரி சாக்ஸ் முன்னின்று நடத்திய மில்லினியம் கிராமங்கள் என்ற வறுமை ஒழிப்புத் திட்டத்தின் முதல் ஊர் அது. திட்டத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளை வைத்துப் பார்த்தால் நல்ல முன்னேற்றம் தெரிந்தது, கைபேசி வைத்திருக்கும் வீடுகள்கூடப் பெருகியிருந்தன. ஆனால் அந்த ஆண்டுகளில் கென்யா முழுக்கவே கைபேசி பரவிக்கொண்டிருந்ததே! பொருளியலாளர்கள் மைக்கேல் கிளெமன்ஸும் கேப்ரியல் டெமோம்பைன்ஸும் 2010-இல் இதைத்தான் எடுத்துக்காட்டினார்கள். தானாக நடந்திருக்கக்கூடியதைக் கழிக்காமல் திட்டத்தின் கணக்கில் எதையும் எழுத முடியாது.

கழிக்க வேண்டிய அந்த நிலைக்குத்தான் ‘செய்யாநிலை’ என்கிறேன். மாறாநிலை என்பதுபோல ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்தான் (‘செய்யாத’ என்பதில் கடைசி ‘த’ போய் ‘செய்யா’), புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. எதிர்மறைப் பெயரெச்சம் காலம் காட்டாது என்பது இன்னொரு வசதி, அதனால் முடிந்துபோன திட்டத்துக்கும் இனி வரப்போகும் திட்டத்துக்கும் ஒரே சொல் போதும். செய்தநிலையிலிருந்து செய்யாநிலையைக் கழித்தால் திட்டத்தின் விளைவு, அவ்வளவுதான்.

‘இல்லாநிலை’ என்று ஒருவர் சொல்லியிருந்தார். இலக்கணத்தில் குறையில்லை. ஆனால் வறுமை ஒழிப்பு அறிக்கையில் அதைப் போட்டால் ஏழ்மை என்றே படிப்பார்கள், இல்லாமை, இல்லாதவர், வள்ளுவர் சொல்லும் இன்மை எல்லாம் அந்தப் பக்கம்தான் இழுக்கும்.

திட்டம் போய்ச்சேராத, ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் குழுவுக்கு ‘ஒப்பீட்டுக் குழு என்ற சொல் இருக்கும்போது இது எதற்கு’ என்ற கேள்வி நியாயமானது. கென்யாவிலேயே, புசியாவில், பொருளியலாளர்கள் மைக்கேல் கிரெமரும் எட்வர்ட் மிகலும் குடற்புழு மருந்துத் திட்டத்தை ஆராய்ந்தார்கள். 75 தொடக்கப் பள்ளிகளை 3 குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு 1998-இலும் அடுத்ததற்கு 1999-இலும் கடைசிக் குழுவுக்கு 2001-இலும் மருந்து தொடங்கினார்கள். காத்திருந்த பள்ளிகள்தான் ஒப்பீட்டுக் குழு. ஆனால் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் மருந்து சாப்பிட்டதில் புழு பரவுவதே குறைந்து, மருந்தே வாங்காத பிள்ளைகளுக்கும் தொற்று குறைந்துவிட்டது. ஆக அந்தக் குழுவை அப்படியே செய்யாநிலை என்று வைத்துக் கழித்தால், திட்டம் உண்மையில் செய்த நன்மையைக் குறைத்துக் காட்டிவிடுவோம். குழுவைப் பார்க்கலாம், எண்ணலாம். செய்யாநிலையை யாரும் பார்க்க முடியாது, மதிப்பிடத்தான் முடியும்.

அதனால் பட்டியலில் ஒப்பீட்டுக் குழு, செய்யாநிலை இரண்டையும் தனித்தனிப் பதிவாகப் போடுங்கள். எதிருண்மையை மெய்யியல் பகுதியில் வைத்துக்கொள்ளலாம், எனக்கு மறுப்பில்லை.