ஆள் போன பிறகு வர்ற பாட்காஸ்ட்: யாருக்கு நியாயம்?

அடிவாரம் செந்தில்
பிபிசியோட 'வேர்ல்ட் ஆஃப் சீக்ரெட்ஸ்' வரிசையில ஹாரட்ஸ் பத்தின பாட்காஸ்ட் கேட்டு முடிச்சேன். தெரியாதவங்களுக்கு: ஹாரட்ஸ்ங்கறது லண்டன்ல பெரிய பணக்காரங்க போற கடை. 1985ல இருந்து 2010 வரை முகமது அல் ஃபாயத் கையில இருந்துச்சு. அங்க வேலை பார்த்த 20 பேருக்கு மேல பெண்கள், அவர் தங்களுக்குப் பண்ணின பாலியல் கொடுமையைச் சொல்றாங்க. 5 பேர் பலாத்காரம்னே சொல்றாங்க. ஆள் 2023 ஆகஸ்ட்ல 94 வயசுல செத்துட்டார். இது வெளிவந்தது 2024 செப்டம்பர்.

எனக்குத் தூக்கம் போனது அந்த ஆளால இல்ல, அவரைச் சுத்தி இருந்தவங்களால. கவுண்டர்ல நிக்கிற பொண்ணுகளை அவர் ஒரு சுத்து பார்த்துட்டுப் போவார். பிடிச்ச பொண்ணுக்கு மேல சேர்மன் ஆபீஸ்ல வேலைன்னு அழைப்பு வரும். அதுக்கு டாக்டர்கிட்ட அனுப்பி அந்தரங்கப் பரிசோதனை வேற. அந்த ரிசல்ட்டைத் தாங்க கண்ணால பாக்கவே இல்லைன்னு சில பேர் சொல்றாங்க. டாக்டர், செக்யூரிட்டி, வக்கீல்னு எத்தனை பேர் சம்பளம் வாங்கிட்டு இதுக்குத் துணை போயிருக்காங்க! கேட்டவங்க சொல்லுங்க.

அஸ்தம்பட்டி வக்கீல்
தம்பி, செத்தவர் கூண்டுல ஏறிப் பதில் சொல்ல முடியாது. இங்கிலாந்துல இறந்தவர் பேரைக் கெடுத்தா அவதூறு வழக்கே நிக்காது. அதான் ஆள் போற வரைக்கும் பொறுத்திருந்தாங்க. நம்ம சட்டம் வேற. நம்ம குற்றவியல் சட்டமான பிஎன்எஸ்ல (பாரதிய நியாய சன்ஹிதா) 356வது பிரிவுக்கு முதல் விளக்கத்தைப் படிங்க. குடும்பத்தார் மனசைப் புண்படுத்துற நோக்கத்தோட சொன்னா, இறந்தவர் மேல சொன்னாலும் அவதூறுதான்.

பாட்காஸ்ட்ல குறுக்கு விசாரணை கிடையாது. 20 பேர் வரிசையாச் சொன்னா உண்மையாத்தான் இருக்கும்னு தோணும். கோர்ட் பயப்படறதே அந்தத் தோணலுக்குத்தான். ஹாலிவுட் தயாரிப்பாளர் வைன்ஸ்டீனுக்கு 2020ல நியூயார்க்ல பாலியல் வழக்குல 23 வருஷம் ஜெயில் கொடுத்தாங்க. 2024 ஏப்ரல்ல அப்பீல் கோர்ட் 4க்கு 3ன்னு ரத்து பண்ணிச்சு. வழக்குல இல்லாத சம்பவங்களைச் சொல்ல வேற பெண்களைச் சாட்சியா ஏத்தினது தப்புன்னு முக்கியமான காரணம் சொன்னாங்க.

குகை மணி
சார் ஃபீஸ் வாங்கிட்டுப் பேசறாப்ல இருக்கு.

கொலுசுப் பட்டறை
பொறுத்திருந்தாங்கன்னா யாரு சார்? 1995லயே வேனிட்டி ஃபேர் பத்திரிகை அல் ஃபாயத் பத்தி எழுதிச்சு. அவர் அவதூறு வழக்குப் போட்டார், 97ல மகன் செத்த பிறகு சமரசமாப் போச்சு. 2009லயும் 2015லயும் போலீஸ் ஃபைல் அரசு வழக்கறிஞர் துறை வரைக்கும் போயும் வழக்கு ஆகல. உயிரோட இருந்தப்போ கூண்டுல ஏத்த வேண்டியவங்க ஏத்தல. இப்ப அவங்க வாயைத் திறந்தா குறுக்கு விசாரணை எங்கன்னு கேக்கறீங்க.

வைன்ஸ்டீன் கதையையும் பாதியில விட்டுட்டீங்க. லாஸ் ஏஞ்சலஸ்ல கொடுத்த 16 வருஷம் தனிக்கணக்கு. நியூயார்க்ல மறுபடி நடந்த விசாரணையில 2025 ஜூன்ல திரும்பவும் குற்றவாளின்னு வந்துச்சு.

அஸ்தம்பட்டி வக்கீல்
ஒரு குற்றச்சாட்டுலதாம்மா. இன்னொண்ணுல விடுதலை, மூணாவதுல ஜூரி முடிவுக்கே வரல. கோர்ட் ஒவ்வொண்ணாப் பிரிச்சுப் பாக்கும். பாட்காஸ்ட் மொத்தமா அள்ளிக் கொட்டும்.

ஏற்காடு ரைட்டர்
காப்பி எஸ்டேட்டுல கணக்கு எழுதற ரைட்டரா இருந்து ரிட்டையர் ஆனவன். லண்டன் எனக்குத் தெரியாது. பேரையும் குரலையும் மாத்திட்டா ஆள் தெரியாதுன்னு இந்தப் பேட்டி எடுக்கறவங்க நினைக்கறாங்க. மலையில அது நடக்காதுங்க. 'பழம் பறிக்கிற சீசன்ல, பங்களாவுக்குப் பால் கொண்டு போனப்போ'ன்னு ஒரு வரி போதும், நாகலூர்ல இருந்து செம்மநத்தம் வரைக்கும் யாருன்னு சொல்லிடுவாங்க. மைக் பிடிச்சவர் சாயங்காலம் கீழ இறங்கிடுவார். மறுநாள் அந்தப் பொண்ணு அதே மேஸ்திரி முன்னாடிதான் பறிச்ச பழத்தை அளந்து கொட்டணும். நான் வக்கீல் சார் பக்கம்தான், ஆனா அவர் சொல்ற காரணத்துக்காக இல்ல.

அட்மின்
இந்த இடத்துல இருந்த ஒரு பதிவைத் தூக்கிட்டேன்.

குகை மணி
என்னோடதுதான் அது. டவுனுக்கே தெரிஞ்ச விஷயம். பெரிய மனுஷன் பேரைப் பாத்ததும் கை நடுங்குதா அட்மின்? ஹாரட்ஸ் முதலாளியைன்னா வீரமாத் திட்டலாம், அவர் சேலத்துக்கு வரப்போறதில்ல.

அட்மின்
பயம் இருக்கு, இல்லைங்கல. ஆனா நீங்க அவர் பேரோட நிறுத்தலையே. எந்தக் கடை, எந்த வருஷம், அந்தப் பொண்ணோட அப்பா என்ன வேலைன்னு எல்லாம் எழுதியிருந்தீங்க. பேர் போடாட்டியும் அடையாளம் தெரிஞ்சா பிஎன்எஸ் 72, ரெண்டு வருஷம் வரை உள்ள. பொள்ளாச்சி பாலியல் வழக்குல 2019ல போலீஸ் அதிகாரியே பேட்டியில பொண்ணு பேரைச் சொல்லி, ஹைகோர்ட் 25 லட்சம் இழப்பீடு கொடுக்கச் சொல்லிச்சு. உங்ககிட்ட இருக்கா 25 லட்சம்?

அடிவாரம் செந்தில்
வக்கீல் சார், நீங்க தினம் தாண்டிப் போற சேலம் சென்ட்ரல் ஜெயில்லதான் 1992ல தருமபுரி மாவட்டம் வாச்சாத்திப் பெண்களைக் குழந்தைகளோட அடைச்சு வச்சாங்க. சந்தனக்கட்டை தேடறோம்னு வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறைன்னு ஊருக்குள்ள புகுந்தாங்க. 18 பெண்களைப் பலாத்காரம் பண்ணினாங்க. தருமபுரி கோர்ட் தீர்ப்பு வந்தது 2011ல. குற்றம் சாட்டப்பட்ட 269 பேர்ல 54 பேர் அதுக்குள்ள செத்தாச்சு. அந்த 54 பேரைப் பத்தி வாச்சாத்தி அக்காங்க பேசக் கூடாதா?

அஸ்தம்பட்டி வக்கீல்
இந்த உதாரணம் எனக்குத்தான் சாதகம். வாச்சாத்தியில ஜெயிச்சது மைக் இல்ல. கோர்ட்டுக்குப் போன மனு, அதுக்கப்புறம் வந்த சிபிஐ, சாட்சி சொல்லிக் குறுக்கு விசாரணையைத் தாங்கின பெண்கள். அதனாலதான் 2023ல ஹைகோர்ட்லயும் தீர்ப்பு நின்னுச்சு.

கொலுசுப் பட்டறை
19 வருஷம் தாங்கினாங்க சார், ஒரு ஊரே கூட நின்னதால. தனியா ஒருத்தின்னா? ராஜேஷ் தாஸ் வழக்கைப் பாருங்க. 2021ல சிறப்பு டிஜிபியா இருந்த அவர் மேல பாலியல் புகார் கொடுக்கச் சென்னைக்குக் கிளம்பின பெண் எஸ்.பி. காரையே செங்கல்பட்டு பக்கம் டோல்கேட்ல மறிச்சாங்க. 2023ல விழுப்புரம் கோர்ட் அவருக்கு 3 வருஷம் கொடுத்துச்சு, சந்தோஷம். ஆனா எஸ்.பி. காரையே மறிப்பாங்கன்னா, டவுன் பஸ்ல போற பொண்ணு எந்த ஸ்டேஷன்ல போய் இறங்கறது?

நான் வேலை பாக்கிற இடத்துல மொத்தம் ஏழு பேர். கொலுசுக்குச் சலங்கை கோக்கற வேலை. எங்களுக்கு எச்.ஆர்.னாலும் முதலாளிதான், அவருக்கு மேலன்னாலும் முதலாளிதான்.

அஸ்தம்பட்டி வக்கீல்
10 பேருக்குக் குறைஞ்ச இடம்னாலும் சரி, புகாரே முதலாளி மேலன்னாலும் சரி, பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்பு 2013 சட்டப்படி மாவட்ட அளவுல இருக்கிற உள்ளூர் குழுவுக்குப் போகலாம். கடைசிச் சம்பவத்துல இருந்து 3 மாசத்துக்குள்ள எழுதிக் கொடுக்கணும். தக்க காரணம் இருந்தா இன்னும் 3 மாசம் நீட்டிப்பாங்க. எழுத முடியாட்டி குழுவே உதவணும்.

கொலுசுப் பட்டறை
ஹாரட்ஸ் பொண்ணுங்களுக்குச் சொல்லவே முப்பது வருஷம் ஆச்சு. எங்களுக்கு மூணு மாசமா?

அஸ்தம்பட்டி வக்கீல்
அது பணியிடச் சட்டத்துக்கு மட்டும்தான். பலாத்கார வழக்குக்குக் காலக்கெடு கிடையாது. உங்களுக்குச் சாதகமானதையும் நானே சொல்றேன்: முன்னாள் மத்திய அமைச்சர் எம்.ஜே. அக்பர் போட்ட அவதூறு வழக்குல, அவர் மேல பாலியல் புகார் சொன்ன பத்திரிகையாளர் பிரியா ரமணியை 2021ல விடுதலை பண்ணின டெல்லி கோர்ட், எத்தனை வருஷம் கழிச்சும் எந்த மேடையிலயும் பெண் தன் குறையைச் சொல்லலாம்னு சொல்லிச்சு. ஆனா அங்க எதிராளி உயிரோட இருந்தார், வந்து சாட்சி சொன்னார். அதான் வித்தியாசம்.

கொலுசுப் பட்டறை
அந்தக் குழு கலெக்டர் ஆபீஸ்ல எந்த மாடி சார்? போன் நம்பர் இருக்கா?

அஸ்தம்பட்டி வக்கீல்
திங்கக்கிழமை விசாரிச்சுப் போடறேன். பாட்காஸ்ட் விஷயத்துல என் கருத்து மாறல.

குகை மணி
அட்மின், என் பதிவைத் திருத்திப் போடலாமா?

அட்மின்
பொண்ணு பத்தின வரி ஒண்ணுகூட இருக்கக் கூடாது. அவர் பேரும் கூடாது.

குகை மணி
அப்புறம் மிச்சம் என்ன, குட்மார்னிங்கா?