கரண்ட் போய் வந்தால் ராஸ்பெர்ரி பை சர்டிபிகேட்டை ஏற்க மறுக்கிறது, வழி சொல்லுங்கள்

தொண்டி, மண்டபம், பாம்பன் மீன் குளிர்பதன அறைகளில் வெப்பநிலை பார்க்க ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கணினி வைத்திருக்கிறோம். ராமநாதபுரத்திலுள்ள மாஸ்கிட்டோ (சென்சார் தகவல்களை வாங்கி அனுப்பும் மென்பொருள்) சர்வருக்கு 8883 போர்ட்டில், டிஎல்எஸ் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியே தகவல் போகும். அந்த இணைப்பில் அடையாளம் காட்டும் சர்டிபிகேட், எங்கள் ஸ்டெப்-சிஏ என்ற சர்டிபிகேட் வழங்கும் மென்பொருள் தருவது. ஆயுள் 24 மணி நேரம்.

போன மாதத்திலிருந்து தொண்டியில் மட்டும் சிக்கல். ராத்திரி முழுக்க கரண்ட் இல்லாவிட்டால், காலையில் ‘சர்டிபிகேட் இன்னும் அமலுக்கு வரவில்லை’ என்று இணைப்பு அறுந்துவிடுகிறது. பையின் கடிகாரம் முந்தைய நாள் மாலையிலேயே நிற்பதால், புது சர்டிபிகேட் அதற்கு எதிர்காலத் தேதியாகத் தெரிகிறது. மீன் கெட்டால் நஷ்டம் மீனவர்களுக்குத்தான்.

இணையத்திலிருந்து நேரம் எடுக்கும் குரோனி மென்பொருளைப் போட்டேன், அங்குள்ள சிம்மில் அது நேரம் கேட்கும் யுடிபி 123 போர்ட்டுக்குப் பதிலே வருவதில்லை. அப்புறம் கரண்ட் இல்லாதபோதும் பேட்டரியில் ஓடும் டிஎஸ்3231 கடிகார மாட்யூல் மாட்டினேன். உப்புக்காற்றில் பின்கள் பச்சை பூத்துவிட்டன. சர்டிபிகேட் சரிபார்ப்பை அணைக்க மனமில்லை.

டிஎல்எஸ் தொடங்கும் முன் சரியான நேரத்தை நம்பகமாக எடுக்க வேறு என்ன வழி?