கியூபெக் குடும்பத்தின் வம்சாவளி: ஒரே வீட்டாருக்கு இரண்டு குடும்பப் பெயர்கள் ஏன்?

காட்பாடி வாசகி:
வணக்கம். கனடாவின் கியூபெக் மாகாணத்தில், மொன்றியாலில் இருக்கும் என் அக்காள் மகன் அங்கேயே பிரெஞ்சு பேசும் கியூபெக் குடும்பத்துப் பெண்ணை மணந்துகொண்டான். பிறக்கப்போகும் பிள்ளைக்காக இரு வீட்டு வம்சாவளியையும் எழுதி வைக்கும் பொறுப்பை அக்காள் என்னிடம் ஒப்படைத்திருக்கிறார். பெண் வீட்டார் அனுப்பிய தாள்களில், 1900க்குப் பிறகு பிறந்தவர்கள் எல்லோரும் ‘தெஷேன்’ என்றிருக்க, 1760களின் திருமணப் பதிவில் அதே வழியினர் ‘மிவில்’ என்று காணப்படுகிறார்கள். இவர்கள் ஒரே குடும்பம்தானா? கல்யாணத்துக்குப் பிறகும் பெண்கள் பிறந்த வீட்டுப் பெயரிலேயே எழுதப்பட்டிருப்பதும் எனக்குக் குழப்பமாக இருக்கிறது.

சேத்துப்பட்டு வாசகர்:
அம்மா, ஒரே குடும்பமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அங்கே குடும்பப் பெயரோடு ‘தி’ என்ற சொல்லால் இணைத்து இன்னொரு பெயரையும் வைத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. ‘மிவில் தி தெஷேன்’ என்றால் தெஷேன் என்று அழைக்கப்படும் மிவில் என்று பொருள். 1665இல் பிரான்சிலிருந்து வந்து இறங்கிய கரிஞான்-சாலியேர் படைப்பிரிவின் வீரர்களில் சுமார் 400 பேர் அங்கேயே தங்கிவிட்டார்கள். படையில் வழங்கிய பெயரே பலருக்கு வம்சப் பெயராயிற்று. நிலத்தின் பெயராலும் பிறந்த ஊராலும் வந்தவை வேறு. அண்ணன் ஒரு பெயரையும் தம்பி மற்றொன்றையும் வைத்துக்கொண்டதுண்டு. 19ஆம் நூற்றாண்டில்தான் பெரும்பாலோர் ஒன்றை விட்டு ஒன்றில் நிலைத்தார்கள்.

ஆகவே பெயரைப் பிடித்துக்கொண்டு போகாதீர்கள்; தம்பதியைப் பிடித்துக்கொண்டு போங்கள். கத்தோலிக்கத் திருமணப் பதிவில் மாப்பிள்ளையின் தாய் தந்தை, பெண்ணின் தாய் தந்தை, இரு தரப்பின் பங்கு (அவரவர் கோயில் வட்டாரம்), மூன்று முறை ஓலை வாசித்த (திருமணத்தைக் கோயிலில் முன்கூட்டி அறிவித்த) விவரம், சாட்சிகள், கடைசியில் தம்பதிக்குக் கையெழுத்திடத் தெரியாது என்ற குறிப்பு வரை இருக்கும். தாயும் பிறந்த வீட்டுப் பெயரிலேயே எழுதப்பட்டிருப்பதால், அந்த இருவரின் திருமணத்தைத் தேடினால் ஒரு தலைமுறை மேலே ஏறிவிடலாம். உங்களைக் குழப்பிய அந்த வழக்கம்தான் உங்களுக்குப் பெரிய துணை. கியூபெக்கில் 1981 முதல் சட்டப்படியும் மனைவி பிறந்த பெயரையே வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆம்பூர் வாசகர்:
மேலே சொன்னது சரி. ஓர் எச்சரிக்கையை மட்டும் சேர்க்கிறேன். ஒரே துணைப்பெயரைத் தொடர்பில்லாத பல குடும்பங்கள் வைத்துக்கொண்டதுண்டு என்பதால், பெயர் ஒத்துப்போகிறது என்பதற்காக மட்டும் இரு கிளைகளை ஒட்டவைக்கக் கூடாது. ஆண் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானத்தில் முதலில் ஜோசப் என்றும், பெண் பிள்ளைகளுக்கு மரி என்றும் சேர்ப்பது பரவலான வழக்கம். வீட்டில் அழைத்த பெயர் பெரும்பாலும் கடைசியில் நிற்கும். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து ஆலைகளுக்குப் பிழைக்கப் போன கிளை இருந்தால், பெயர் ஆங்கிலத்தில் மொழிபெயர்ந்து லெப்லான் ‘ஒயிட்’ என்றும் புவாவேர் ‘கிரீன்வுட்’ என்றும் மாறியிருக்கக்கூடும்.

பதிவேடுகளை 1679 முதல் இரண்டு படிகளாக எழுதி, ஒன்றைக் கோயிலிலும் மற்றொன்றை நீதிமன்றத்திலும் வைக்கும் முறை இருந்ததால், கோயில் எரிந்தாலும் பல இடங்களில் பதிவு தப்பியிருக்கிறது. தாங்கே பாதிரியார் 1871 முதல் 1890 வரை 7 தொகுதிகளாக வெளியிட்ட வம்சாவளி அகராதியில் தொடங்குங்கள். அதில் பிழைகள் உண்டு, எனவே ஒவ்வொன்றையும் மூலப் பதிவில் சரிபார்த்த பிறகே எழுதுங்கள்.

காட்பாடி வாசகி:
இருவருக்கும் மிக்க நன்றி. ஒரு பதிவில் தம்பதிக்கு ‘மூன்றாம் படி’ உறவுக்காக விலக்கு அளித்ததாக இருக்கிறதே, அது என்ன?

சேத்துப்பட்டு வாசகர்:
நல்ல பதிவு கிடைத்திருக்கிறது. நெருங்கிய உறவினர் மணக்கத் திருச்சபை விதித்த தடையிலிருந்து பெற்ற அனுமதிதான் விலக்கு. ‘மூன்றாம் படி’ என்றால் இருவருக்கும் ஒரே கொள்ளுத் தாத்தாவோ கொள்ளுப் பாட்டியோ இருந்திருக்கிறார்கள் என்று பொருள். இரு பக்கமும் மும்மூன்று தலைமுறை ஏறிப் பாருங்கள். இரண்டும் ஒரே தம்பதியில் சேர்ந்தால் இடையில் நீங்கள் எழுதியவை உறுதியாகும். நம் பக்கத்தை எழுதும்போதும் பாட்டிகளின் தந்தை பெயரையும் பிறந்த ஊரையும் கேட்டு எழுதுங்கள். கல்யாணமானதும் இனிஷியல் மாறிவிடும் நம் வழக்கத்தில், பெரியவர்கள் இருக்கும்போதே கேட்காவிட்டால் அந்தக் கிளை அங்கேயே நின்றுவிடும்.