பொங்கலுக்கு அரசாணிக்காய் (மஞ்சள் பூசணி)

சித்தி: [படம்] இன்னொரு அரசாணிப் பிஞ்சும் மஞ்சளாகி விழுந்துவிட்டது. பொங்கலுக்கு நம் கொடிக் காய்தான் என்று அப்பத்தாவிடம் சொல்லிவிட்டேன்.

நான்: உரம் போதவில்லையோ?

கோவை அத்தை: உரம் இல்லை கண்ணு. தேனீ வரவில்லை. பெண் பூவுக்கு மகரந்தம் சேராவிட்டால் பிஞ்சு வெம்பத்தான் செய்யும். போன வருஷம் சன்ஷேடில் இருந்த தேன்கூட்டைப் புகை போட்டு விரட்டினோமே.

பெரியப்பா: நான்தான் விரட்டினேன். பேரன் முகம் வீங்கியதை நீ பார்க்கவில்லை.

அண்ணி: மாமா, அதை விடுங்க 🙏

தம்பி: பொங்கலுக்கு வேன் சொல்லியாச்சா?

கோவை அத்தை: இப்போதைக்குக் கையால் சேர்த்துவிடு. காலையில் பூ விரிந்ததும் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, அடியில் குட்டிக்காய் உள்ள பெண் பூவின் நடுவில் தடவு. இப்போது காய் பிடித்தால் பொங்கலுக்கு ஆகிவிடும். ஆனால் தினமும் இதைச் செய்ய முடியாது, அதற்குத்தான் தேனீயை இழுக்கும் ஜினியா பூச்செடி. விதை அனுப்புகிறேன். நாற்றைப் பிடுங்கி நடாதே, வேர் தாங்காது. நேராக மண்ணில், கால் அங்குல ஆழத்தில் போடு. ஒரு வாரத்தில் முளைக்கும். மூன்று ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை விடும். இரண்டு மாதத்தில் பூ. சித்திரைக் கொடிக்குத் தேனீ பழகிவிடும். ஒற்றை அடுக்குப் பூதான் வேண்டும். நடுவில் தெரியும் மஞ்சள் பொட்டில்தான் தேன், மகரந்தம் எல்லாம். பல அடுக்குப் பூவில் அதை இதழ் மூடிவிடும்.

தம்பி: ஜினியா விண்வெளி நிலையத்திலேயே பூத்திருக்கிறது. 2016 ஜனவரி.

பெரியப்பா: அங்கே தேனீ கிடையாது. நிம்மதி.

சித்தி: ஜினியாவுக்கு முழு வெயில் வேண்டுமாங்க கோவை அண்ணி? கார் நிற்கும் பக்கம்தான் வெயில்.

பெரியப்பா: அது பொது வழி.

சித்தி: தாத்தா இருந்தபோது அங்கே செவ்வந்திப் பாத்தி இருந்தது.

நான்: மாடியில் தொட்டி?

கோவை அத்தை: தாராளமாக. தண்ணீரை வேரில் ஊற்று. இலை நனைந்தே இருந்தால் இலைப்புள்ளி நோய் வரும். அண்ணா, பூவில் மேயும் தேனீ சும்மா வந்து கொட்டாது. கூட்டைக் கலைத்தால்தான் ஆபத்து.

பெரியப்பா: மாடியில் பையன் விளையாடுகிறான். நேரில் பேசுவோம்.

சித்தி: விதையாவது அனுப்புங்க.

கோவை அத்தை: மழை விடட்டும். தண்ணீர் தேங்கினால் விதை அழுகிவிடும்.

*மறுநாள் காலை 6:40*

சித்தி: [படம்] பெண் பூ விரிந்திருக்கிறது. ஆண் பூ ஒன்றுகூட இல்லை.

பெரியப்பா: எங்கள் பக்கக் கொடியில் இரண்டு இருக்கிறது. பறித்துக்கொள்.

தம்பி: வேன்??