ஏற்காட்டில் வாங்கிய பெரணி சென்னையில் கருகுகிறது: இலையடியில் இருப்பவை பூச்சிகளா?

கேள்வி (மூன்றாம் மாடி):

அனைவருக்கும் வணக்கம். சென்ற டிசம்பரில் ஏற்காட்டுக்குப் போயிருந்தபோது பாஸ்டன் பெரணி என்று சொல்லி விற்ற ஒரு தொட்டியை வாங்கி வந்தேன். அதை வேளச்சேரியில் எங்கள் வீட்டின் கிழக்குப் பார்த்த பால்கனியில் வைத்திருக்கிறேன். காலை ஒன்பது மணி வரை கம்பிகளின் ஊடாக இளவெயில் விழும். பொங்கல் வரை தொட்டியே தெரியாதபடி தழைத்திருந்த செடி, மாசி பிறந்தது முதல் நுனி கருகத் தொடங்கி, இப்போது கையால் வருடினாலே சிற்றிலைகள் பொலபொலவென்று உதிரும் நிலைக்கு வந்துவிட்டது. இலைகளைத் திருப்பிப் பார்த்தபோது அடிப்பக்கத்தில் பழுப்புப் புள்ளிகள் தென்பட்டதால், செதில் பூச்சி என்று எண்ணி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலுடன் கலந்து இரண்டு முறை தெளித்தேன்; அதன் பிறகு கருகல் கூடியதே தவிரக் குறையவில்லை. தண்ணீரிலும் குறை வைக்கவில்லை. ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் தண்ணீரை வீணாக்காமல் வாளியில் பிடித்து, நாள்தோறும் ஒரு செம்பு ஊற்றுகிறேன். வேறு என்ன மருந்து அடிக்கலாம்?

பதில் (கீரைப்பாத்தி):

மருந்து எதையும் அடிக்க வேண்டாம். அந்தப் புள்ளிகள் நடு நரம்பின் இரு புறமும் அளவெடுத்து வைத்ததுபோல ஒரே இடைவெளியில் வரிசையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். அப்படி இருந்தால் அவை வித்துத் தொகுதிகள். பெரணி பூக்காது, காய்க்காது. தூள் போன்ற வித்துகளை இலையடியில் வைத்துத்தான் இனம் பெருக்கும். செதில் பூச்சியோ ஒழுங்கின்றி, பெரும்பாலும் காம்பை ஒட்டி அப்பியிருக்கும். நகத்தால் நெம்பினால் முழுதாகப் பெயர்ந்து வரும். இலையில் பிசுபிசுப்பும் எறும்பு நடமாட்டமும் காணப்படும். பெரணியின் மெல்லிய இலை எண்ணெயையும் சோப்பையும் தாங்காது என்பதால், இரண்டாவது கருகல் நீங்கள் தெளித்த மருந்தாலேயே வந்திருக்கக்கூடும். (நாம் சமைக்கும் ஆரைக்கீரையும் பெரணி வகையைச் சேர்ந்ததுதான் என்பது பலருக்குத் தெரியாது.)

பதில் (மழைத்தொட்டி):

புள்ளிகளைவிட எனக்கு உறுத்துவது அந்த வாளித் தண்ணீர். குடிநீராகப் பிரிந்து போகும் பங்கின் உப்பும் சேர்ந்து, வெளியேறும் தண்ணீரில்தான் தங்குகிறது. ஆழ்துளைக் கிணற்று நீராக இருந்தால் கேட்கவே வேண்டாம். எங்கள் வீட்டில் கருவி வைத்து அளந்தபோது கிணற்று நீர் லிட்டருக்கு 900 மில்லிகிராமும் கழிவு நீர் 1,500-க்கு மேலும் காட்டியது. செம்பருத்தி ஓரளவு பொறுத்துக்கொள்ளும், பெரணி பொறுக்காது. வேர் உறிஞ்சும் உப்பு இலை நுனியில் போய்ச் சேர்வதால்தான் கருகல் அங்கிருந்து தொடங்குகிறது. தொட்டியின் உள் விளிம்பில் வெள்ளைப் படிவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், தொட்டியைக் குளியலறைக்கு எடுத்துச் சென்று, உப்பில்லாத தண்ணீரைத் தொட்டிக் கொள்ளளவைப்போல மூன்று நான்கு மடங்கு மெதுவாக ஊற்றி, அடித்துளை வழியாக முழுவதும் வடிய விடுங்கள். பின்னர் மழைநீரோ ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரோ போதும். மேல்மண் லேசாக உலரும்போது ஊற்றினால் சரி, நாள் கணக்கு வேண்டாம். முற்றிலும் காய்ந்த இலைகளை அடியோடு கத்தரித்துவிடலாம். புதிய சுருள் தளிர்கள் தலைகாட்டும் வரை உரம் கூடாது. அதன் பின் மாதம் ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதுமானது. மறுநடவு செய்வதானால் தென்னை நார்க்கழிவை இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும், ஏனெனில் அதிலும் உப்பு உண்டு.

பதில் (கடற்காற்று):

மேலே சொன்னவற்றோடு ஒன்று மட்டும். சென்னையில் காற்றில் ஈரம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் கோடையில் கடற்காற்று நுழையத் தாமதமாகும் நாட்களில் மேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்று ஒரே பிற்பகலில் பெரணியை வாட்டிவிடும். இலைமேல் நீர் தெளிப்பது சில நிமிடங்களுக்கு மேல் உதவாது. சித்திரை, வைகாசி மாதங்களில் தொட்டியைச் சுவரோரம் நகர்த்தி, மற்ற தொட்டிகளுக்கு நடுவே, ஈரக் கூழாங்கல் பரப்பிய தட்டின்மேல் வைத்துப் பாருங்கள்.

பதில் (மூன்றாம் மாடி):

மிக்க நன்றி. புள்ளிகள் வரிசையாகத்தான் இருக்கின்றன. நெம்பினால் பெயரவில்லை, தூள்தான் கையில் ஒட்டுகிறது. தொட்டி விளிம்பில் சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளைப் படிவும் இருக்கிறது. அலசுவதற்காகச் செடியைக் கவிழ்த்தபோது வேர்களில் கோலிக்குண்டு அளவில் உருண்டைகள் தொங்கின. நூற்புழு நோயா? வெட்டி எறியட்டுமா?

பதில் (கீரைப்பாத்தி):

வெட்டிவிடாதீர்கள்! அவை செடி நீரைச் சேமிக்கும் கிழங்குகள். நூற்புழு முடிச்சு வேரே வீங்கிக் கரடுமுரடாக இருக்கும். இவையோ மெல்லிய கொடிவேரில் தனித்தனி உருண்டையாகத் தொங்கும், நறுக்கினால் உள்ளே நீர்ச்சத்து தெரியும். பாஸ்டன் பெரணிக்கு இத்தகைய கிழங்கு கிடையாது. ஆகவே உங்களுக்கு விற்கப்பட்டது அதன் நெருங்கிய உறவான வேறொரு நெஃப்ரோலெப்பிஸ் (பாஸ்டன் பெரணி அடங்கும் பேரினத்தின் பெயர்). பாஸ்டனைவிட வறட்சியைத் தாங்கும் இனம். அதனால்தான் இத்தனை செம்பு உப்புத் தண்ணீருக்குப் பிறகும் உயிரோடு இருக்கிறது.