பட்டன் நிறைய இருக்கிறது, வயது ஒன்பது: அப்பாவின் ஸ்ப்ளெண்டருக்கு டயர் மாற்றணுமா?

காரைக்குடியான்:
அப்பாவின் ஸ்ப்ளெண்டர் ஐந்து வருடமாக வீட்டு வாசலிலேயே நின்றது. 2020இல் கண் ஆபரேஷன் ஆன பிறகு அவர் வண்டியைத் தொடவில்லை. நான் இப்போது ஊரோடு வந்துவிட்டேன், அதனால் பேட்டரி மாற்றி, கார்புரேட்டர் கழுவி, ஸ்டார்ட் பண்ணிவிட்டோம். டயர்தான் குழப்பம். இரண்டிலும் பட்டன், அதாவது ரோட்டில் படுகிற ரப்பர் மேடு, முக்கால்வாசிக்கு மேல் இருக்கிறது. "காத்து பிடிச்சு ஓட்டுங்க சார், இதைப் போய் யாராவது மாத்துவாங்களா" என்கிறார் மெக்கானிக். பின் டயரின் பக்கவாட்டில் 1816 என்று நாலு எண் இருக்கிறது. தினமும் புதுக்கோட்டை போய் வரணும், ஒரு பக்கம் நாற்பது கிலோமீட்டர் போல. பல நாள் மனைவியும் பின்னால் வருவாள். ஓட்டலாமா?

மலைப்பாதை:
மாற்றுங்கள் சார். 1816 என்றால் 2016ஆம் வருடத்தின் 18ஆவது வாரம், அதாவது மே மாதத் தொடக்கத்தில் செய்த டயர். ஐந்து வருடம் ஆனால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றிவிட வேண்டும் என்பது என் கணக்கு.

இதை அனுபவப்பட்டுச் சொல்கிறேன். கொல்லிமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன், லேசான தூறல். எழுபது கொண்டை ஊசி வளைவில் பாதிகூடத் தாண்டியிருக்க மாட்டேன். வேகமும் இல்லை, இரண்டாவது கியர். வண்டி கொஞ்சம் சாய்ந்ததுமே முன் சக்கரம் தன் பாட்டுக்கு வெளியே போய்விட்டது. காறை எலும்பு முறிந்து மூன்று மாதம் வீட்டில் கிடந்தேன். டயருக்கு ஏழு வயது. அதிகம் எடுக்காத வண்டி என்பதால் பட்டன் அப்படியே இருந்தது. ஆஸ்பத்திரிக்கு நண்பன் அனுப்பிய டயர் படம் இன்னும் என் போனில் இருக்கிறது. யார் பார்த்தாலும் நல்ல டயர் என்றுதான் சொல்வார்கள்.

கோவை டெலிவரி:
அண்ணா, நீங்கள் விழுந்ததைப் படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் அந்த ஐந்து வருடக் கணக்கை நான் ஏற்க மாட்டேன். தினம் நூற்றிருபது கிலோமீட்டர் ஓட்டுகிறேன். பின் டயர் எட்டு ஒன்பது மாதத்தில் மொட்டையாகிவிடும். எங்களுக்குத் தேய்மானம்தான் கணக்கு, வயதைப் பார்க்கும் வரைக்கும் டயர் இருப்பதில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, கடைக்காரர்கள் தேதியைக் காட்டிப் பயமுறுத்துகிறார்கள். என் அம்மாவின் ஸ்கூட்டர் டயருக்கு நாலரை வயதுதான். சர்வீஸுக்கு விட்ட இடத்தில் இரண்டையும் மாற்றியே ஆகணும் என்றார்கள். மூவாயிரத்துக்கு மேல் வரும். எனக்கு அது நாலு நாள் ஓட்டம். நானே உட்கார்ந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், ஒரு கீறல் கிடையாது, ரப்பர் மெத்தென்று இருந்தது. மாற்றவில்லை. சட்டமும் டூவீலருக்கு 0.8 மில்லிமீட்டர் பட்டன் ஆழம் வேண்டும் என்றுதான் சொல்கிறது. அப்புறம் அண்ணா, முதல் தூறலில் ரோட்டு எண்ணெயும் தூசியும் சேர்ந்தால் புது டயர்கூட வழுக்குமே?

மலைப்பாதை:
வழுக்கும் தம்பி, மறுக்கவில்லை. ஆனால் எனக்கு முன்னால் போன நண்பனும் அதே வளைவில் அதே தூறலில்தான் இறங்கினான். அவன் டயர் ஒரு வருடத்தது. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சட்டம் சொல்வது குறைந்தபட்சம்தான். 2012இல் இங்கிலாந்தில் இசை விழாவிலிருந்து திரும்பிய பேருந்தின் முன் டயர் வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். அந்த டயருக்கு வயது பத்தொன்பதுக்கு மேல். பட்டன் ஆழம் சட்டப்படி சரியாகவே இருந்தது. இறந்துபோன ஒரு பையனின் அம்மா வருடக்கணக்கில் போராடினார். அதன் பிறகுதான் 2021 பிப்ரவரியில் லாரி, பேருந்துகளின் முன் அச்சில் பத்து வயது தாண்டிய டயர் கூடாது என்று அங்கே விதி வந்தது.

கோவை டெலிவரி:
நீங்கள் சொன்னதிலேயே பத்து என்றுதானே அண்ணா இருக்கிறது? ஐந்து எங்கிருந்து வந்தது? மிஷலின் டயர் நிறுவனம்கூட ஐந்து வருடம் ஆனால் வருடத்துக்கு ஒருமுறை தெரிந்தவரிடம் காட்டுங்கள், பத்து ஆனால் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றுங்கள் என்றுதான் சொல்கிறது. ஐந்தில் பரிசோதனை, அவ்வளவுதான்.

ரப்பர் ஷிப்ட்:
டயர் ஆலையில் இருபது வருடம் ரப்பர் கலவைப் பிரிவில் இருந்தவன். இரண்டு பேரும் பாதிப் பாதி சரி. ஆனால் கேள்வி கேட்டவரின் வண்டி ஓடவில்லை, நின்றிருக்கிறது. அதை யாரும் எடுத்துப் பேசவில்லை.

ரப்பரைத் தின்பது காற்றில் இருக்கும் ஆக்சிஜனும் ஓசோனும். வெயிலும் சூடும் அதை வேகமாக்கும். இதைத் தடுக்கத்தான் கலவையிலேயே மெழுகும் வேறு சில ரசாயனங்களும் சேர்க்கிறோம். அவை உள்ளிருந்து மெல்லக் கசிந்து மேல்பரப்பில் படலமாக நிற்கும். பழைய டயரின் பக்கவாட்டில் செம்பழுப்பாக ஒரு பூச்சு தெரியுமே, அது இதனால் வருவது. வண்டி ஓடினால் டயர் சூடாகி, மடங்கி நிமிர்ந்து, இந்தக் கசிவு நடந்துகொண்டே இருக்கும். நின்ற டயரில் அது மந்தமாகிவிடும். காற்றும் இறங்கிப்போனால் பக்கவாட்டு பிதுங்கி ரப்பர் இழுபட்டே இருக்கும். ஓசோன் வெடிப்பு முதலில் பிடிப்பது அப்படி இழுபட்ட இடத்தைத்தான்.

வெடிப்பு வராமலேயே ரப்பர் இறுகிப்போவதும் உண்டு. மலைப்பாதை தம்பிக்கு நடந்தது அதுவாக இருக்கலாம். இறுகிய ரப்பர் ரோட்டின் சொரசொரப்புக்குள் இறங்கிப் பிடிக்காது, ஈரத்தில் அது உடனே தெரியும்.

காரைக்குடி சார், பட்டனின் தலையைப் பார்க்காதீர்கள். பட்டனுக்கு நடுவில் இருக்கும் பள்ளத்தின் அடித்தளத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே கட்டைவிரல் நகத்தை அழுத்துங்கள். இறங்கித் திரும்பி வருகிறதா, கண்ணாடி மாதிரி நிற்கிறதா? பக்கவாட்டையும் முழுச் சுற்று பாருங்கள்.

காரைக்குடியான்:
ஐயா, இன்று காலையில் மெயின் ஸ்டாண்டு போட்டு, ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பார்த்தேன். சுவர்ப் பக்கம் இருந்த பக்கவாட்டில் ஒன்றிரண்டு மயிரிழைக் கீறல்தான். தெருப் பக்கம், அதாவது சாயங்கால வெயில் நேராக அடிக்கும் பக்கம், சக்கரத்தைச் சுற்றி வாய்க்கால் வறண்ட மாதிரி வெடிப்பு. அதே டயரின் இரண்டு பக்கமும் இவ்வளவு வித்தியாசமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. பள்ளத்தின் அடியிலும் குறுக்கே வரிவரியாக ஓடுகிறது. பட்டனைக் கொஞ்சம் விரித்தால் ஒரு வரி வாயைத் திறக்கிறது. நகம் இறங்கவே இல்லை. முன் டயரில் வெடிப்பு குறைவு, எண் 3017. ஆனால் அதுவும் கல் மாதிரிதான் இருக்கிறது.

திண்டுக்கல் பஞ்சர் கடை:
பள்ளத்து அடியில் வெடிப்பு என்றால் பேச்சே வேண்டாம் சார். இது டியூப் டயர், டியூபும் அதே வயசு. நின்ற வண்டி டியூபைக் கழற்றினால் மடிப்பு விழுந்த இடத்தில் பிளந்திருக்கும், வால்வு அடியில் ரப்பர் விட்டிருக்கும். டியூப்லெஸ்ஸில் ஆணி குத்தினால் காற்று மெல்ல இறங்கும். டியூப் பிளந்தால் ஒரே மூச்சில் போய்விடும், பின்னால் ஆள் வேறு. டியூபையும், ரிம்மில் டியூபுக்கு அடியில் சுற்றியிருக்கும் பட்டையான ரிம் டேப்பையும் சேர்த்து மாற்றுங்கள். ரிம்மைத் துருவுக்குச் சுரண்டச் சொல்லுங்கள். மொட்டை டயரில் மறுபடி கோடு வெட்டித் தருகிறேன் என்பவர்களிடம் மட்டும் போகாதீர்கள். நான் அந்த வேலை செய்வதே இல்லை.

கோவை டெலிவரி:
சார், இதை மாற்றித்தான் ஆகணும். மனைவியை உட்கார வைத்து இதில் போகாதீர்கள். ஆனால் இது ஒன்பது வயது என்பதால் மட்டும் இல்லை, வெயிலில் காற்றில்லாமல் நின்றதால். ஓடுகிற, வெடிக்காத, மெத்தென்ற டயரை ஐந்தாவது பிறந்தநாளில் கழற்றுவதற்கு நான் இன்னும் எதிர்தான். கஷ்டப்படுகிறவனை இப்படி மிரட்டினால் அடுத்த முறை உண்மையிலேயே மாற்ற வேண்டிய டயரையும் நம்பாமல் ஓட்டுவான்.

மலைப்பாதை:
நீ தினமும் டயரைத் தொட்டுப் பார்க்கிறாய் தம்பி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வண்டி எடுக்கிற என்னைப் போன்றவன் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை. எங்களுக்கு ஒரு எண் வேண்டும், அது ஐந்தாகவே இருக்கட்டும். என் கணக்கை மாற்றிக்கொள்ளவில்லை.

ரப்பர் ஷிப்ட்:
புதிதாக வாங்கும்போதும் நாலு எண்ணைப் பாருங்கள் சார். நிழலில் அடுக்கி வைத்த டயருக்கு ஒரு வருடம் ஆகியிருந்தால் பயமில்லை. கடை வாசலில் வெயிலில் தொங்குவதை வாங்க வேண்டாம். போட்ட பிறகு முதல் நூற்றைம்பது கிலோமீட்டர் திடீர் பிரேக்கும் சாய்ப்பும் வேண்டாம், மேல்பரப்பு வழவழப்பாக இருக்கும்.

காரைக்குடியான்:
இரண்டு டயர், இரண்டு டியூப், ரிம் டேப் போட்டாயிற்று. பழைய பின் டியூபில் மடிப்பில் விரல் நீளத்துக்குப் பிளவு, பஞ்சர் கடை அண்ணன் சொன்ன அதே இடம். புது டயரின் எண்ணை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். பழையதை எங்கே வைத்தாய் என்று கேட்டார். மழைத்தண்ணீர் தேங்கிக் கொசு வரும் என்பதால் கடையிலேயே விட்டுவிட்டேன். வண்டியை இனி சுவரை ஒட்டித் திண்ணை நிழலில் நிறுத்தச் சொல்லிவிட்டார்.