தராசுப் பெட்டியோடு மூல நிரலும் போயிருக்க வேண்டும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கணினிக் கடை வைத்திருக்கிறேன். செம்பனைக் குலை வாங்கும் ஒருவர், தராசு காட்டும் எடையைத் தானாகப் பதிந்து ரசீது அடிக்க ஒரு பெட்டி கேட்டார். யாரும் எடுத்து மாற்றவும் பகிரவும் விடும் ஜிபிஎல் என்ற உரிமத்தின் 2ஆம் பதிப்பில் இருந்த நிரல் ஒன்றை எடுத்து, அவருடைய தராசுக்கு ஏற்ப மாற்றி, ஒரு சின்னக் கணினியில் ஏற்றி விற்றேன்.

இரண்டு மாதம் கழித்து அவருடைய அக்காள் மகன் வந்தார். "அண்ணே, பக்கத்துல லோரி எஞ்சின் ஓடுனா எடை ஆடுது. மூல நிரல் கொடுங்க, நானே பார்த்துக்கிறேன்." மூல நிரல் என்றால் மனிதர் படித்துத் திருத்தக்கூடிய வடிவில் உள்ள நிரல். எனக்குச் சுருக்கென்றது. ராத்திரி கண்விழித்து எழுதியதை எப்படித் தூக்கிக் கொடுப்பது? முடியாது என்று அனுப்பிவிட்டேன்.

மனசு கேட்கவில்லை. அன்றிரவுதான் 1991இல் வந்த அந்த உரிமத்தை முழுதாகப் படித்தேன். இயங்கும் நிரலை ஒருவர் கையில் கொடுத்தால் மூல நிரலையும் கூடவே கொடுக்க வேண்டும். இல்லையென்றால், கேட்பவருக்குத் தருவதாக 3 ஆண்டுக்குக் குறையாமல் செல்லும் உறுதியை எழுதித் தர வேண்டும். நகலெடுத்துக் கொடுக்கும் செலவுக்கு மேல் வாங்கக் கூடாது. நான் இரண்டையும் செய்யவில்லை. மீறினால் அந்த நிரலை விநியோகிக்கும் உரிமையே போய்விடும் என்பதைப் படித்ததும் வயிற்றைக் கலக்கியது.

இந்த உரிமத்தில் உள்ள நிரலை விற்கவே கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். தாராளமாக விற்கலாம். என் கடைக்குள் மட்டும் மாற்றிப் பயன்படுத்தினால் யாருக்கும் எதுவும் தர வேண்டாம். கைமாறும்போதுதான் கடமை வருகிறது. எம்ஐடி என்ற இன்னொரு தாராளமான உரிமம் என்றால் மூல நிரல் தரும் கடமையும் இல்லை, பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் கூடவே வைத்தால் போதும்.

மறுநாள் காலையில் அந்த அக்காள் மகனிடம் மன்னிப்புக் கேட்டு, மூல நிரல் இருந்த பென் டிரைவைக் கொடுத்தேன். சாயங்காலமே திரும்பி வந்தார்: "அண்ணே, மேக்ஃபைல் இல்லையே, கம்பைல் ஆகல." மூல நிரலை இயங்கும் நிரலாக மாற்றுவதுதான் கம்பைல், அதற்கான கட்டளைகள் உள்ள கோப்புதான் மேக்ஃபைல். அது என் மடிக்கணினியிலேயே கிடந்தது. கம்பைல் செய்யவும் நிறுவவும் உதவும் ஸ்கிரிப்டுகளும் மூல நிரலில் சேர்த்திதான். எடுத்துக் கொடுத்தேன். நான் மாற்றிய கோப்புகளில் மாற்றிய தேதியையும் எழுதினேன், அதையும் உரிமம் கேட்கிறது.

அவர் ஐந்து அளவீடுகளின் சராசரியை எடுக்கும்படி திருத்தினார். எடை ஆடுவது நின்றது. திருத்தியதை எனக்கும் அனுப்பினார். அப்படி அனுப்ப வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.